பழைய மோட்டார் சைக்கிளும் அதன் மேலுறுப்புக்களும்
மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் ஓடுவோர்க்குச் சில சிக்கன வழிகள்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் வாய்மொழி. புதியது வாங்கப் பொருளில்லாதவன் பழையதைப் பேணத் தெரிந்தவனாயிருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை. இவ்வறிவுரை உடுக்கும் துணிக்கு மட்டுமன்றி ஏறிச் செல்லும் ஊர்திக்கும் பொருந்தும். மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளில் முப்பது, நாற்பது ஆண்டு வயதுடைய மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றுட் பலவற்றின் எஞ்சின் குறையின்றி உழைக்கும். ஆயின் மட்காட் துருவேறித் தொங்கும். சைட் கவர் கயிற்றினாற் கட்டப்பட்டிருக்கும். செயின் கவர் என்றோ கழன்று போயிருக்கும். எஞ்சினுக்கு மனமுவந்து செலவிடுவோரும் இவற்றை அழகுக்குரியன என எண்ணிப் புறக்கணிப்பர். யானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. அவ்வெண்ணம் பிழையென எனக்கு உணர்த்திய நிகழ்ச்சியையும், அதன்பின் யான் கற்றுக்கொண்டவற்றையும் இவ்விழா மலரின் வாயிலாகப் பழைய மாணவர்கட்கும் இளைய மாணவர்கட்கும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

மலைநாடும் மோட்டார் சைக்கிளும்

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டனை அடைந்து, கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா ஊடாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையிற் பஸ் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அச்சாலையிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குட் செல்லும் பாதைகளின் நிலை வேறு. கல்லும் குழியுமான அப்பாதைகளில் ஆசிரியரும், குடும்பநல உத்தியோகத்தரும், மரக்கறி வணிகரும், கடைக்குச் சாமான் ஏற்றுபவரும் நம்பியிருப்பது மோட்டார் சைக்கிளையே. ஒரு காலத்தில் அது சின்னத்துரைமாரின் ஊர்தியாயிருந்தது. பீ.எஸ்.ஏ., ட்ரையம்ப் முதலிய பிரித்தானிய யந்திரங்கள் மலைமுகட்டில் முழங்கினால், துரை வருகிறார் எனக் கங்காணிமார் அறிந்துகொண்ட காலம் அது. பின்னர் யப்பானிய யந்திரங்கள் வந்தன. ஹொண்டா சீ.டி. 125 உம், யப்பானிய அஞ்சற் சேவைக்கெனச் செய்யப்பட்டுப் பழையனவாய் இங்கு வந்திறங்கிய எம்.டி. 90 உம் லயன் வாயில்வரை சென்றன. அதன்பின் இந்தியாவிலிருந்து பஜாஜ், ஹீரோ ஹொண்டா, டீ.வீ.எஸ். ஆகியன வந்து, மோட்டார் சைக்கிள் எளியவர் கைக்கும் எட்டிய பொருளாயிற்று.

எட்டிய பொருள் மீண்டும் தொலைவிற் சென்றதை நாம் அனைவரும் கண்டோம். 2020ஆம் ஆண்டில் ஊர்தி இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. 2025 பெப்ரவரியில் தனியார் ஊர்தி இறக்குமதிக்கு வழி திறக்கப்பட்டதாயினும், பழைய விலை திரும்பவில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் விதிக்கப்பட்டதை நினைவிற் கொண்டால், அக்குடும்பத்து இளைஞன் ஒருவன் புதிய யந்திரம் வாங்குதல் எத்துணை அரிது என்பது விளங்கும். ஆகவே உள்ளதைப் பேணுதல் விருப்பன்று, தேவையாகும்.

யான் கற்ற பாடம்

இறக்குமதி நின்றிருந்த நாட்களில் என் பழைய யந்திரத்தின் முன் மட்காட் துருவேறி இரண்டாகப் பிளந்தது. ஒரு கடையில் மலிவான பைபர் மட்காட் ஒன்றை வாங்கினேன். அதன் துளைகள் என் யந்திரத்திற்குப் பொருந்தவில்லை. பொருத்தித் தந்தவர் புதிதாக இரண்டு துளைகளை இட்டு, வொஷரும் வைக்காமல் ஆணியை முறுக்கிவிட்டார். விலையும் குறைவு, வேலையும் முடிந்தது என மகிழ்ந்தேன். மூன்றாம் வாரம், கொட்டகலையிலிருந்து ஹட்டனை நோக்கி மூடுபனியில் வந்துகொண்டிருந்தபோது, ஒரு குழியில் விழுந்த அதிர்ச்சியில் ஆணித்துளை கிழிந்து, மட்காட்டின் பின்முனை டயரைத் தொட்டது. தொட்ட கணத்திலேயே சக்கரம் அதனை உள்ளே இழுத்துக்கொண்டது. யான் வீதியோரத்து வடிகானிற் கிடந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. பின்னால் லொறி ஏதும் வராதது என் நல்வினை.

கை கட்டுடன் இருந்த நாட்களில், ஹட்டனில் நெடுங்காலம் தகட்டு வேலை செய்துவந்த பெரியவர் ஒருவரிடம் அம்மட்காட்டைக் காட்டினேன். நம் ஊரில் டிங்கர் பாஸ் என அழைக்கப்படும் தொழிலாளர் மரபைச் சேர்ந்தவர் அவர். துண்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், நீங்கள் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டீர்கள். ஆணி விழும் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும்” என்றார். அவ்வொரு சொல்லில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கும். மேலுறுப்பின் விலை அதன் மேற்பரப்பில் இல்லை. அது யந்திரத்தோடு சேரும் இடத்தில் இருக்கின்றது.

மேலுறுப்புக்கள் யாவை?

மட்காட், சைட் கவர், செயின் கவர், பெற்றோல் தாங்கி, ஹெட்லைட் கூடு, பின் விளக்கைச் சூழ்ந்த வால்மூடி, சிலவற்றிற் காணப்படும் கால்மறைப்பு ஆகியவற்றை ஈண்டு மேலுறுப்புக்கள் எனக் குறிப்போம். இவற்றைப் பணி நோக்கி மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உயிரைக் காப்பன. முன் மட்காட், செயின் கவர், பெற்றோல் தாங்கி என்பன இவ்வகையின. பழைய யந்திரங்கள் பலவற்றில் இரும்புத் தகட்டாலான முன் மட்காட், முற்சக்கரத்தின் இரு கவைக்கால்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பாலமாகவும் பணிபுரிகின்றது. அதனை நீக்கி, உட்பட்டம் இல்லாத மெல்லிய பைபர் மட்காட்டைப் பூட்டினால் கவைக்கால்கள் தனித்தனியே நெளியும். வளைவிற் கைபிடி தளரும். செயின் கவர் இல்லாத யந்திரத்திற் சேலை முந்தானையோ மழைச்சட்டையின் விளிம்போ சிக்கினால் விளைவது யாதெனக் கூற வேண்டியதில்லை.

இரண்டாவது, யந்திரத்தைக் காப்பன. பெரும்பாலான யந்திரங்களிற் சைட் கவருக்குப் பின்னே பற்றறியும், மின்கம்பி இணைப்புக்களும், காற்று வடிகட்டியும் உள்ளன. மூடி போய்விட்டால் மழையும் சேறும் அங்கு நேரே சென்று சேரும். பின் மட்காட்டிற் சிறு ஓட்டை விழுந்தாலும் சக்கரம் வீசும் சேறு அதே இடத்தைச் சென்றடையும்.

மூன்றாவது, அழகுக்கு உரியன. ஓரப்பட்டைகள், பெயர்ச்சின்னங்கள், சில அலங்கார மூடிகள் ஆகியன இவ்வகை. பணம் குறைவாயின் இவற்றிற்கு முறை கடைசியிலேயே வரும். இவ்வொழுங்கை மறவாதிருத்தலே சிக்கனத்தின் முதற்படி.

மலைநாட்டில் இவை விரைந்து அழிவதேன்?

இலங்கையில் மிகுமழை பெறும் இடங்களுள் வட்டவளையும் கினிகத்தேனையும் அடங்கும். அங்கு ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரை அண்டிச் செல்வதுண்டு. ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனிலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் மூடுபனி நாள் முழுவதும் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும். அஃதன்றியும், தேயிலை மலைகளிலும் மரக்கறித் தோட்டங்களிலும் இடப்படும் அமோனியம் சல்பேற்று முதலிய உரங்கள் நீரிற் கரைந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் இயல்புடையன. உர மூட்டை ஏற்றிய யந்திரத்தின் பின் மட்காட் ஏனையவற்றினும் முன்னரே அழிவதற்குக் காரணம் இதுவே.

துரு வெளியிலிருந்து உள்ளே செல்வதாக நாம் எண்ணுகிறோம். மட்காட்டில் நிகழ்வது மறுதலை. சக்கரம் வீசும் சிறு கற்கள் உட்புறப் பூச்சைச் சிதைக்கின்றன. அவ்விடத்திற் சேறு அப்பி ஈரத்தைப் பிடித்து வைக்கின்றது. வெளிப்பூச்சிற் கொப்புளம் தோன்றும் வேளையில் உட்புறம் முற்றாக அரிக்கப்பட்டிருக்கும். ஆகையால் வாரம் ஒருமுறை யந்திரத்தைக் கழுவுவோர், வெளிப்புறத்தை விட உட்புறத்திற்கே நீரை மிகுதியாகப் பாய்ச்சுதல் வேண்டும். செலவின்றிச் செய்யத்தக்க முதல் மருந்து இது.

பொருளை அறிதல்

மாற்றுவதற்கு முன், உறுப்பு எப்பொருளால் ஆனது என்பதை அறிதல் அவசியம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிடின், உட்புறத்தில் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்ட சிற்றெழுத்துக்களைத் தேடுக. சைட் கவர், வால்மூடி முதலியன பெரும்பாலும் ஏ.பீ.எஸ். என்னும் பிளாஸ்டிக்காலும், பிளாஸ்டிக் மட்காட்டுகள் பல பீ.பீ. எனக் குறிக்கப்படும் பொலிப்ரொப்பிலீனாலும் ஆனவை. எழுத்து அழிந்திருப்பின் ஓர் எளிய சோதனை உண்டு. வண்ணம் நீக்கிய சிறு துண்டொன்றை நீரில் இடுக. மிதந்தால் பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன். தாழ்ந்தால் பெரும்பாலும் ஏ.பீ.எஸ். முன்னதன் அடர்த்தி நீரினுங் குறைவு, பின்னதன் அடர்த்தி சற்றுக் கூட என்பதே காரணம்.

மோட்டார் சைக்கிளிற் பிளாஸ்டிக் என்றவுடன் அது அண்மைக்கால மலிவுச் சரக்கு எனக் கருதுவோர் உளர். 1958ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் யந்திரத்திலேயே கால்மறைப்பும் முன் மட்காட்டும் பொலிஎதிலீனால் ஆக்கப்பட்டிருந்தன. அவ்வகை யந்திரம் 2017ஆம் ஆண்டளவிற் பத்துக்கோடி எண்ணிக்கையைக் கடந்தது. ஆகவே பொருள் தாழ்ந்ததன்று. பொருந்தாத இடத்திற் பொருந்தாத பொருளை வைப்பதே குற்றம்.

முதல் வழி: உள்ளதைச் செப்பனிடல்

உடைந்த உறுப்பை எறிவதற்குமுன் அதைச் சீர்செய்ய இயலுமா எனப் பார்த்தல் வேண்டும். ஏ.பீ.எஸ். மூடியில் வெடிப்பு ஏற்பட்டிருப்பின், வெடிப்பின் முனையில் 3 மில்லிமீற்றர்த் துளை ஒன்று இடுக; வெடிப்பு மேலும் ஓடாது. பின்னர், அதே வகைப் பிளாஸ்டிக்கின் சிறு துணுக்குகளை அசற்றோனில் ஓரிரவு ஊறவிட்டால் அவை கரைந்து கூழாகும். அக்கூழை வெடிப்பின் உட்புறத்தில், மெல்லிய துணிப்பட்டை ஒன்றோடு சேர்த்துத் தடவி, இரண்டு நாள் அசையாது வைத்தால் இரு பாகமும் ஒரே பொருளாய் இணையும். அசற்றோன் எளிதில் தீப்பற்றுவதாகலின் அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் இதனைச் செய்க.

பொலிப்ரொப்பிலீன் அசற்றோனிற் கரையாது. பசையும் அதிற் பற்றாது. அதனைச் சூட்டினாலேயே இணைத்தல் வேண்டும். சோல்டரிங் கோலின் நுனியால் வெடிப்பை உருக்கி, அதே பிளாஸ்டிக்கிலிருந்து அறுத்த மெல்லிய கீற்றை உருக்கி நிரப்புக. கார்களின் பம்பர் பெரும்பாலும் இப்பொருளாலானமையின், கராஜ்களில் எறியப்பட்ட பம்பர்த் துண்டே கீற்றுக்குப் போதும். இழுவிசை மிக்க இடங்களில் உட்புறமாகத் துருவேறாக் கம்பிவலையை உருக்கிப் பதித்தல் நன்று.

சைட் கவர்கள் உடைவதற்குப் பெருங்காரணம் விபத்தன்று. அவற்றின் முளைகள் செருகப்படும் றப்பர் வளையங்கள் காய்ந்து கல்லாகி விடுகின்றன. கழற்றும்போது முளை முறிகின்றது. புதிய மூடி வாங்கிக் காய்ந்த வளையத்திற் செருகுபவர், விரைவில் மற்றொரு மூடி வாங்குவார். வளையங்களின் விலை அற்பமே. மாற்றும்போது சிறிது சவர்க்கார நீர் தடவினால் முளை எளிதில் உட்செல்லும்.

இரண்டாம் வழி: பழைய உறுப்பு

பிரித்தெடுத்த ஊர்திகளின் உறுப்புக்களை விற்கும் கடைகள் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வரிசையாக உள்ளன. கண்டியிலும் ஏனைய பெரிய நகரங்களிலும் இத்தகைய கடைகள் உண்டு. யந்திரத்தோடு பிறந்த பழைய இரும்பு மட்காட், புதிய போலியினும் பலவேளைகளிற் சிறந்தது. ஏனெனில் அதன் துளைகள் யந்திரத்தின் துளைகளோடு மயிரிழையும் பிசகாமற் பொருந்தும்.

வாங்கச் செல்பவர் கைக்கொள்ள வேண்டியன சில. ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் செலவே சிறிய மூடி ஒன்றன் விலையை மிஞ்சுவதாகலின், தேவைகளைப் பட்டியலிட்டு ஒரே பயணத்தில் முடித்தல் வேண்டும். உடைந்த உறுப்பைக் கூடவே எடுத்துச் செல்க. ஒரே பெயருடைய யந்திரத்திலும் ஆண்டுக்கு ஆண்டு துளைகள் இடம் மாறியிருக்கும், நினைவை நம்பற்க. துருவைச் சோதிக்க, உட்புறத்தைத் திருகாணி முனையால் அழுத்திப் பார்க்க. தகடு தாழ்ந்தால் விட்டுவிடுக. புதுவண்ணம் பூசி மினுக்கிய உறுப்பின்மேற் காந்தத்தை நகர்த்துக. பற்றுத் தளரும் இடத்தில் வண்ணத்துக்கு அடியிற் பட்டி தடிப்பாக நிரப்பப்பட்டிருக்கும். வண்ணம் பூசாத, அழகற்ற உறுப்பையே தெரிதல் அறிவுடைமை. குறை அதில் ஒளிந்திராது.

மூன்றாம் வழி: புதிய மாற்றுறுப்பு

இந்திய யந்திரங்களை வைத்திருப்போர் இவ்வகையிற் பேறுடையோர். அவற்றுட் பல வகைகள் நெடுங்காலம் சிறுசிறு மாற்றங்களுடன் தயாரிக்கப்பட்டமையால், முகவரின் அசல் உறுப்பும், பிறர் செய்யும் மாற்றுறுப்பும் சந்தையில் உண்டு. விலை வேறுபாடு பெரிது. எதை வாங்குவது? இங்கும் முன்னர்க் கூறிய மூவகைப் பிரிவே வழிகாட்டும். உயிரைக் காக்கும் உறுப்பாயின் அசலோ, அசலிலிருந்து கழற்றிய பழையதோ கொள்க. மற்றவற்றுக்கு மாற்றுறுப்புப் போதும். வாங்குமுன் பழையதன்மேல் வைத்து ஆணித்துளைகளை ஒப்பிடுக. புதிதாகத் துளையிட்டால்தான் பொருந்தும் என விற்பவர் கூறின், அதனை அவரிடமே விட்டு வருக. என் மணிக்கட்டு கற்ற பாடம் இது.

நான்காம் வழி: தகட்டில் அடித்துச் செய்தல்

பஞ்சிகாவத்தையிலும் கிடையாத உறுப்பு உண்டு. அப்பொழுது நம் தகட்டு வேலைக்காரரை நாடுதல் வேண்டும். செயின் கவர், பின் மட்காட்டின் நடுப்பகுதி, தட்டையான சைட் கவர் ஆகியவற்றை 20ஆம் கேஜ் இரும்புத் தகட்டில், அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர்த் தடிப்பில், அடித்து உருவாக்கலாம். இரு பக்கமும் வளைந்து செல்லும் மட்காட்டைப் புதிதாக அடிப்பது பெருந்திறமை வேண்டும் வேலை. ஆயின் அழிந்த பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, நல்ல தகட்டை ஒட்டவைத்தல் எளிது, மலிவுமாகும். துருவின் மேலேயே ஒட்டுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்ய விடற்க. இரண்டு தகட்டுக்கும் இடையே ஈரம் தங்கி, ஒரு மாரிக்குள் இரண்டும் அழியும்.

கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகரம் லயன்களில் எளிதிற் கிடைப்பதால், அதைப் பயன்படுத்த எண்ணுவது இயல்பே. அது துருவை எதிர்க்கும். ஆனால் வெல்டிங் செய்யும்போது எழும் நாகப்புகை காய்ச்சலை உண்டாக்கும். சாதாரண வண்ணமும் அதன்மேல் நிலைக்காது. அதற்குரிய அடிப்பூச்சு வேண்டும். ஆகவே அத்தகரத்தை ஆணியாலும் றிவெற்றாலும் பொருத்தத்தக்க சிறு மூடிகளுக்கு மட்டுமே கொள்க.

ஐந்தாம் வழி: கண்ணாடி இழையில் வார்த்தல்

வளைவுகள் மிகுந்த உறுப்பைப் பைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடி இழையால் வார்க்கலாம். முறை இதுவாம். பழைய உறுப்பைச் செப்பனிட்டு, மெழுகு பலமுறை பூசித் துடைத்து, அதன்மேல் இழைப்பாயும் பொலியெஸ்டர் றெசினும் இட்டு அச்சு எடுத்தல் வேண்டும். அவ்வச்சின் உட்புறத்தில் மீண்டும் மெழுகு பூசி, முதலில் றெசின் மேற்பூச்சும், பின் இழைப்பாயும் இட்டால் உறுப்பு உருவாகும். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள இழைப்பாய் ஒரு படை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்த் தடிப்பைத் தரும். மூடிகளுக்கு இரண்டு, மூன்று படைகள் போதும். ஆணி விழும் இடத்தில் மேலும் இரண்டு படைகள் இட்டு, நடுவே உலோகக் குழாய்த்துண்டைப் பதித்து, அகன்ற வொஷர் வைத்தே முறுக்குதல் வேண்டும். என் மட்காட்டிற் செய்யாது விடப்பட்டது இதுவே.

ஒரே உறுப்புக்கு அச்சு எடுப்பதாயின் செலவு வீண். ஆனால் அச்சு ஒன்றிலிருந்து பல உறுப்புக்கள் வார்க்கலாம். ஒரே தோட்டத்தில் ஒரே வகை யந்திரம் வைத்திருப்போர் நால்வர் கூடினால், அச்சுக்கூலி நான்காகப் பிரியும். பழைய யந்திரக்காரர் தனித்தனியே கடை ஏறி இறங்குவதினும் இவ்வாறு கூடிச் செய்வது மேலானது.

மலைநாட்டில் இவ்வேலை செய்வோர் குளிரை மறத்தலாகாது. சுமார் 15 பாகை செல்சியசுக்குக் கீழே றெசின் மிக மெதுவாகவே இறுகும். சிலவேளை முற்றாக இறுகாமல் ஒட்டும் தன்மையுடன் நின்றுவிடும். நுவரெலியாவில் இரவுகள் இதனினும் குளிர்ந்தவை. ஆகையால் வெயிலேறிய முற்பகலிற் செய்க. இழைப்பாயை உலர்ந்த இடத்தில் வைத்திருக்க. இறுகுவதற்காகச் சேர்க்கும் திரவம் றெசினின் நிறையில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கே. விரைவு வேண்டி அதனை அளவின்றி ஊற்றினால் உறுப்பு நொறுங்கும் தன்மை பெறும். அத்திரவம் கண்ணிற் பட்டாற் பார்வையையே போக்க வல்லது. கண்ணாடி அணியாது அதனைத் தொடற்க. இழையைத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

செய்யத் தகாதன

பெற்றோல் தாங்கியைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். வெறுமையான தாங்கி நிறைந்த தாங்கியினும் கொடியது. பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது; திறந்து வைத்தாலும் மூலைகளிற் படிந்து நிற்கும். கழுவிவிட்டோம் என எண்ணி வெல்டிங் சுடரை அண்மிக்கும்போது அது வெடிக்கும். இவ்வேலையைப் பழகிய தொழிலாளி ஒருவரிடமன்றிப் பிறரிடம் கொடுத்தலாகாது. வீட்டில் முயலவே கூடாது. நல்ல பழைய தாங்கி ஒன்றை வாங்குதலே சாலச் சிறந்தது. மூடிகளுக்குப் பயன்படும் சாதாரண பொலியெஸ்டர் றெசினாற் தாங்கி வார்த்தலும் ஆகாது.

யந்திரத்திற் பூட்டியபடியே எந்த உறுப்பையும் வெல்டிங் செய்ய விடற்க. கழற்ற இயலாதாயின் பற்றறியின் இணைப்பையும் தாங்கியையும் நீக்கிய பின்னரே தொடங்குதல் வேண்டும். முன் மட்காட்டை மாற்றிய பின், கைபிடியை இருபுறமும் முற்றாகத் திருப்பியும், முன்புறத்தை அழுத்தித் தாழ்த்தியும், சக்கரத்தைச் சுழற்றியும் பார்க்க. டயருக்கும் மட்காட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடைவெளி எங்கும் இருத்தல் நன்று. தோட்டப்பாதைச் சேறு அப்பும்போது அவ்விடைவெளியே உயிர்காக்கும்.

பூச்சு

எவ்வழியிற் பெற்ற உறுப்பாயினும் பூச்சு முறையாக இராவிடின் உழைப்பெல்லாம் வீணாகும். துருவை வெண்மை தோன்றும்வரை தேய்த்தெடுத்து, அன்றே அடிப்பூச்சிடுக. மலைநாட்டு ஈரத்தில் ஓரிரவு திறந்திருந்தாலும் புதுத்துரு பிடிக்கும். பட்டி நீரை உறிஞ்சும் இயல்புடையது. பட்டி இட்டுத் தேய்த்த மட்காட்டை வண்ணமின்றி மழையில் ஓட்டுவோர், அதன் அடியில் துருவை விதைக்கின்றனர். மூடுபனி வேளையில் வண்ணம் தெளித்தாற் பூச்சு வெளிறிப் பால்நிறம் பெறும். சனவரி முதல் மார்ச் வரையிலான உலர்ந்த முற்பகல்களே இவ்வேலைக்கு ஏற்றவை. ஏ.பீ.எஸ். உறுப்பின்மேற் கடுமையான தின்னரை மிகுதியாகத் தெளித்தால் அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். பொலிப்ரொப்பிலீனுக்கு அதற்கெனவுள்ள அடிப்பூச்சு இன்றேல் வண்ணம் தோலாக உரியும். பூசாமல் விடுதலே சிக்கனம். மட்காட்டின் உட்புறத்துக்கு அழகு வேண்டா. தடித்த கருந்தார்ப் பூச்சு ஒன்று போதும்.

நிறத்தை முற்றாக மாற்ற விரும்புவோர், ஊர்திப் பதிவுப் புத்தகத்தில் நிறமும் குறிக்கப்பட்டிருத்தலை மறத்தலாகாது. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தைத் திருத்துவித்தல் வேண்டும். இத்தொல்லை வேண்டாதார் பழைய நிறத்தையே பூசுக.

முடிவாக

என் யந்திரத்தின் கதையை முடித்துவிடுகின்றேன். கை ஆறிய பின், பழைய இரும்பு மட்காட் ஒன்றைத் தேடிப் பெற்றேன். அழகற்றது, வலப்புறம் நெளிந்தது. டிங்கர் பாஸ் அதனை நெளிவெடுத்து, அரித்த ஓரிடத்தை வெட்டி ஒட்டி, உட்புறத்தில் தார் பூசித் தந்தார். அவருடைய கூலியையும் மட்காட்டின் விலையையும் கூட்டினேன். முதலில் வாங்கிய பைபர் மட்காட்டினும் சற்று அதிகமே. ஆனால் மருத்துவச் செலவையும், பாடசாலைக்குச் செல்லாதிருந்த வாரங்களையும் முன்னதன் கணக்கிற் சேர்த்தபோது, எது மலிவு என்பது தெளிவாயிற்று. அம்மட்காட் இன்றும் என் யந்திரத்தில் இருக்கின்றது.

சிக்கனம் என்பது குறைந்த விலைக்கு வாங்குவதன்று; ஒரே பொருளை இருமுறை வாங்காதிருப்பது. முதலில் உயிரைக் காக்கும் உறுப்பு, அடுத்து யந்திரத்தைக் காக்கும் உறுப்பு, ஈற்றில் அழகு என்னும் ஒழுங்கிற் செலவிடுவோர்க்குப் பழைய யந்திரம் இன்னும் பல ஆண்டு உழைக்கும். நம் கல்லூரி விட்டு வெளியேறும் இளைஞருட் கைத்திறன் உடையோர், தகட்டு வேலையையும் இழை வார்ப்பையும் தாழ்ந்த தொழிலென எண்ணாது கற்பாராயின், தமக்கும் பிழைப்பு உண்டாகும். மூடுபனியிற் பாதை ஏறும் ஏழை எளியோர்க்கும் காவல் உண்டாகும். அந்த டிங்கர் பாஸ் இப்பொழுது முதுமையடைந்துவிட்டார். அவருடைய சுத்தியலை வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும்.